மேல் ஷட்ஜத்துக்கு அவசரமில்லை: பாடும் முன் குரலைத் தயார் செய்யும் முறை

பாட உட்கார்ந்ததும் பலர் முதலில் செய்கிற காரியம், இன்றைக்குக் குரல் எப்படி இருக்கிறது என்று தெரிந்துகொள்ள மேல் ஷட்ஜத்தை (நடு ‘ஸ’வுக்கு அடுத்து மேலே வரும் ‘ஸ’வை) ஒரு தடவை எட்டிப் பார்ப்பது. எட்டவில்லை என்றால் தொண்டையைக் கனைத்துக்கொண்டு இன்னும் கொஞ்சம் அழுத்திப் பார்ப்பார்கள். குரலைக் கெடுத்துக்கொள்ள இதைவிடச் சுலபமான வழி கிடையாது. குரலுக்கு முதல் நிமிடத்திலேயே பரீட்சை வைக்கக் கூடாது. சின்னச் சத்தத்தில், சௌகரியமான நடு ஸ்தாயியில் (நடு ‘ஸ’விலிருந்து ‘நி’ வரையான எல்லையில்) ஆரம்பித்து, மேலேயும் கீழேயும் கொஞ்சம் கொஞ்சமாகப் போக வேண்டும். அப்படிப் போனால் மேல் ஷட்ஜம் அதன் நேரத்தில் வந்துவிடும்.

கர்நாடக சங்கீதம் புதிதாகக் கற்கிறவர்களை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். ஆனால் பஜனையில் பாடுகிறவர்கள், கரோக்கியில் சினிமாப் பாட்டுப் பாடுகிறவர்கள், சர்ச் பாடகர் குழுவில் இருக்கிறவர்கள் எல்லோருக்கும் இதில் பாதிக்கு மேல் அப்படியே பொருந்தும். மொத்தம் 15 நிமிடம் போதும். அதில் பாட்டு என்று சொல்லத்தக்கது கடைசி 5 நிமிடத்தில்தான் வரும். முதலில் இது வீண் வேலை மாதிரித் தெரியும். ஒரு வாரம் விடாமல் செய்து பாருங்கள், அப்புறம் விட மனம் வராது.

தொண்டைக்குள் நடப்பது

குரல்வளைக்குள் தசையும் மெல்லிய ஈரச் சவ்வும் சேர்ந்த இரண்டு மடிப்புகள் இருக்கின்றன. குரல் நாண்கள் என்பது இவைதான். ஆண்களுக்கு ஏறத்தாழ ஒன்றரை முதல் இரண்டரை சென்டிமீட்டர் நீளம். பெண்களுக்கு அதைவிடச் சிறியவை. நுரையீரலிலிருந்து வரும் காற்று இவற்றைத் தள்ளித் திறக்க, இவை மறுபடி சேர்ந்து மூட, இந்தத் திறப்பும் மூடலும் மாறி மாறி நடப்பதுதான் சத்தம்.

எவ்வளவு வேகமாக நடக்கிறது என்று தெரிந்தால் ஏன் இத்தனை பதமாக ஆரம்பிக்கச் சொல்கிறோம் என்பது புரியும். கட்டை என்பது ஷட்ஜத்தை எந்த உயரத்தில் வைத்துப் பாடுகிறோம் என்பதைச் சொல்லும் எண். 1 கட்டையில் பாடும் ஓர் ஆண் நடு ஷட்ஜத்தைப் பிடிக்கும்போது நாண்கள் நொடிக்கு ஏறத்தாழ 130 தடவை மோதுகின்றன. 5½ கட்டையில் பாடும் பெண்ணுக்கு அது 207. மேல் ஷட்ஜத்துக்குப் போனால் இரண்டு மடங்கு, மேல் பஞ்சமத்துக்கு (மேல் ‘ப’வுக்கு)ப் போனால் மூன்று மடங்கு. அதாவது அந்தப் பெண் மேல் பஞ்சமத்தில் நிற்கும் ஒவ்வொரு நொடியும் 620க்கும் அதிகமான மோதல்கள். இத்தனை வேகத்தில் அதிர வேண்டுமானால் நாண்கள் நீண்டு மெலிய வேண்டும். மேல் சவ்வு ஈரமாகவும் நெகிழ்வாகவும் இருக்க வேண்டும். மூச்சு சீராக வர வேண்டும். தூங்கி எழுந்த தொண்டையில் இந்த மூன்றும் இருக்காது. இரவு முழுக்கப் படுத்திருந்ததில் நாண்கள் சற்று வீங்கி, சளி தேங்கி, குரல் தாழ்ந்து கரகரவென்று இருக்கும். அதை இருந்தபடியே இழுத்து உயரத்தில் வைத்தால் கழுத்துத் தசைகள் உதவிக்கு வந்து இறுக்கிப் பிடிக்கும். அந்த இறுக்கம் பழகிவிட்டால் அதை விலக்க மாதக்கணக்கில் ஆகும்.

தண்ணீர், பனங்கற்கண்டு, சாப்பாடு

குடிக்கிற தண்ணீர் குரல் நாண்களைத் தொடுவதே இல்லை. அது உணவுக்குழாய் வழியாகப் போகிறது. தப்பித் தவறிக் குரல் நாண் பக்கம் போனால் புரை ஏறி இருமித் தள்ளிவிடுவோம். அதனால் பாடுவதற்கு இரண்டு நிமிடம் முன்னால் ஒரு சொம்புத் தண்ணீரைக் கவிழ்த்துக்கொண்டு குரல் நனைந்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். வாயும் தொண்டையும் நனையும், அவ்வளவுதான். நாண்களுக்குத் தண்ணீர் ரத்தம் வழியாகத்தான் போக வேண்டும், அதற்கு நேரம் பிடிக்கும். மாலையில் பாட வேண்டுமானால் காலையிலிருந்தே கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்துவர வேண்டும். நாண்களை நேராகத் தொடுவது மூச்சோடு போகும் ஈரம் மட்டுமே. ஆகவே தொண்டை வறண்டிருக்கும் நாளில் வெறும் தண்ணீரில் ஆவி பிடிப்பது நல்ல பலன் தரும். அதில் தைலம், கற்பூரம் எதுவும் போட வேண்டாம். அவை மூக்குக்கு இதமாக இருக்கும், தொண்டையை எரிச்சலூட்டும்.

பனங்கற்கண்டு, மிளகு, சித்தரத்தை, அதிமதுரம் பற்றிக் கேட்காத பாட்டு மாணவர் இருக்க மாட்டார். என் கருத்து இது: வாயில் அடக்கிக்கொண்டால் எச்சில் ஊறும், தொண்டை இதமாகும், கனைக்கத் தோன்றாது. அந்த அளவுக்கு எல்லாமே நல்லவை. குரலை வளமாக்கும் மந்திரம் எதிலும் இல்லை. அதிமதுரத்தைத் தினமும் நிறைய எடுத்தால் ரத்த அழுத்தம் ஏறும், ஏற்கெனவே மாத்திரை சாப்பிடுகிறவர்கள் தள்ளி வைப்பது நல்லது.

வயிறு நிரம்பச் சாப்பிட்டுவிட்டு உடனே பாட உட்கார வேண்டாம். உதரவிதானம் கீழே இறங்க இடமில்லாமல் மூச்சு நெஞ்சுக்கு மேலேயே நின்றுவிடும். இரண்டு மணி நேர இடைவெளி இருந்தால் உத்தமம். வெறும் வயிற்றிலும் பாட முடியாது. இரண்டு இட்லி அளவு போதும். தயிரும் பாலும் சிலருக்கு வாயில் கெட்டியாக ஒட்டிய உணர்வைத் தரும். உங்களுக்கு அப்படியென்றால் தயிர் சாதத்தைப் பாட்டுக்குப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள். இரவு பத்து மணிக்குக் காரசாரமாகச் சாப்பிட்டு உடனே படுக்கிற வழக்கம் இருந்தால், காலையில் வரும் கரகரப்புக்கு அதுவே காரணமாக இருக்கலாம். வயிற்று அமிலம் படுத்திருக்கும்போது குரல்வளை வரை ஏறி வந்து நாண்களை அரிக்கும்.

கட்டையைத் தீர்மானியுங்கள்

தம்புராவோ, சுருதிப் பெட்டியோ, கைபேசிச் செயலியோ, ஏதாவது ஒன்று ஒலித்துக்கொண்டிருக்க வேண்டும். சுருதி இல்லாமல் தயார் செய்தால் குரல் சூடாகும், காது சூடாகாது. ப–ஸ–ஸ–ஸ என்று தம்புரா மீட்டும் அந்த ஓட்டத்தை ஒரு நிமிடம் சும்மா கேட்டுக்கொண்டிருங்கள்.

புதியவர்கள் தடுமாறும் இடம் இது: தங்களுக்குப் பிடித்த வித்வானின் பதிவோடு சேர்ந்து பாடி, அவருடைய சுருதியையே தங்களுடையதாக வைத்துக்கொள்வார்கள். ஆண்களில் பலருக்கு 1 கட்டையை ஒட்டியும், பெண்களில் பலருக்கு 5 முதல் 6 கட்டைக்குள்ளும் அமையும். ஆனால் இது விதி அல்ல. கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. ஒரு கட்டையை வைத்துக்கொண்டு நடு ஷட்ஜத்திலிருந்து மெதுவாக இறங்குங்கள். கீழ் பஞ்சமம் காதில் விழுகிற அளவுக்காவது ஒலிக்க வேண்டும். பிறகு ஏறுங்கள். மேல் ஷட்ஜம் முகம் சுளிக்காமல், தாடையைத் தூக்காமல் வர வேண்டும். இரண்டும் கிடைக்கிற கட்டை உங்களுடையது. கீழே காற்றாகப் போனால் அரைக் கட்டை ஏற்றுங்கள், மேலே கத்தலானால் அரைக் கட்டை இறக்குங்கள். குரல் நன்றாகத் தயாரான ஒரு மாலை நேரத்தில் இதைச் செய்ய வேண்டும். காலையில் செய்தால் எல்லாருக்கும் ஒரு கட்டை குறைவாகத்தான் தோன்றும்.

முதல் படி: கழுத்து, தோள், தாடை

இரண்டு நிமிடம். தோள்களைக் காது வரை தூக்கிப் பொத்தென்று விடுங்கள், நாலைந்து தடவை. தலையை மெதுவாக இடது வலமாகத் திருப்புங்கள், முழு வட்டமாகச் சுழற்ற வேண்டாம். காதுக்குக் கீழே தாடை எலும்பு சேரும் இடத்தை விரல் நுனியால் வட்டமாகத் தேய்த்துக்கொண்டு வாயைத் தளர விடுங்கள். நாள் முழுக்கக் கணினி முன் உட்கார்ந்திருப்பவர்களுக்கு அந்த இடம் கல்லாக இருக்கும். ஒரு பெரிய கொட்டாவி வந்தால் மிகவும் நல்லது, அடக்காதீர்கள்.

சம்மணம் போட்டு உட்கார்ந்தால் முதுகு கூன் விழுகிறவர்கள் பின்பக்கத்துக்குக் கீழே மடித்த போர்வையை வைத்துக்கொள்ளலாம். இடுப்பு முட்டியைவிட உயர்ந்தால் முதுகு தானாக நிமிரும். முடியாதவர்கள் நாற்காலியில் உட்காருங்கள், நின்றுகொண்டும் செய்யலாம். தரையில் உட்கார்ந்தால்தான் சங்கீதம் என்று ஒன்றும் இல்லை.

இரண்டாம் படி: மூச்சு

கீழ் விலா எலும்புகளின் பக்கவாட்டில் கைகளை வைத்துக்கொள்ளுங்கள். மூச்சு வாங்கும்போது கைகள் வெளியே தள்ளப்பட வேண்டும், தோள் ஏறக் கூடாது. மூச்சு வாங்கச் சொன்னால் வயிற்றை உள்ளே இழுத்து நெஞ்சைத் தூக்கும் பழக்கம் பலருக்கு இருக்கிறது, அது தலைகீழ். இப்போது ‘ஸ்ஸ்ஸ்’ என்று பல்லிடுக்கில் காற்றைச் சீராக விடுங்கள். ஆரம்பத்தில் 10 நொடி, நாளடைவில் 20 நொடி. எத்தனை நேரம் என்பதைவிட அந்த ‘ஸ்’ ஆடாமல் ஒரே அளவில் வருகிறதா என்பதைத்தான் கவனிக்க வேண்டும். நாலு தடவை போதும். முட்ட முட்ட மூச்சை நிரப்பினால் அதை அடக்கிவைக்கவே தொண்டை இறுகும், முக்கால் அளவோடு நிறுத்துங்கள்.

மூன்றாம் படி: வாயை மூடிக்கொண்டு

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் செய்வதாக இருந்தால் இதைச் செய்யுங்கள். வாயைப் பாதி அடைத்துக்கொண்டு சத்தம் எழுப்பும்போது, வெளியேற முடியாத காற்றின் அழுத்தம் கொஞ்சம் திரும்பி வந்து குரல் நாண்களுக்கு மேலே நிற்கும். அந்த அழுத்தம் நாண்கள் ஓங்கி மோதாமல் தாங்கிக்கொள்ளும். அதனால் குறைந்த உழைப்பில், குறைந்த அடியில், நாண்களை முழு எல்லைக்கும் நீட்டிப் பார்க்க முடிகிறது. பின்லாந்தில் 1960களிலேயே கண்ணாடிக் குழாயைத் தண்ணீரில் வைத்து அதன் வழியாகக் குரல் கொடுக்கும் சிகிச்சை வந்துவிட்டது. பிற்பாடு இங்கோ டிட்ஸே என்ற அமெரிக்கக் குரல் விஞ்ஞானி சாதாரண ஸ்ட்ரா ஒன்றைக் கொண்டே இதைச் செய்யலாம் என்று விளக்கிப் பரவலாக்கினார். நம் ஊர் வாத்தியார்கள் ‘முதல்ல ம்ம்னு முனகிட்டு வா’ என்று சொல்வதும் இதே காரியம்தான்.

முதலில் ‘ம்ம்ம்’. உதடு மூடியிருக்க வேண்டும், பல் சேரக் கூடாது, நாக்கு தளர்ந்து கிடக்க வேண்டும். நடு ஷட்ஜத்தில் ஆரம்பித்து பஞ்சமம் வரை ஏறி இறங்குங்கள்: ஸ ரி க ம ப ம க ரி ஸ. எந்த ராகத்தின் ஸ்வரங்களும் ஆகலாம். எனக்கு இந்த இடத்தில் மோகனம் பிடிக்கும். ஸ ரி க ப த என்று இடைவெளி விட்டு நிற்கும் ஸ்வரங்கள், அரை ஸ்வர நெருக்கம் எங்கும் கிடையாது, அபஸ்வரம் விழுமோ என்ற பயம் குறையும். சத்தம் அடுத்த அறைக்குக் கேட்கக் கூடாது. உதட்டிலும் மூக்குத் தண்டிலும் லேசாகக் கூச வேண்டும். கூச்சம் அங்கே இல்லாமல் தொண்டைக்குழியில் இருந்தால் அழுத்துகிறீர்கள் என்று பொருள். சத்தத்தைப் பாதியாக்குங்கள்.

அடுத்து ‘புர்ர்ர்’. குழந்தைகள் பஸ் ஓட்டி விளையாடும்போது உதட்டைப் படபடக்க விடுவார்களே, அதேதான். அதில் ஸ்வரம் சேர்த்துப் பாட வேண்டும். உதடு நின்று நின்று போனால் இரண்டு கன்னத்தையும் வாயோரத்தில் விரலால் லேசாக மேலே தாங்கிக்கொள்ளுங்கள், எடை குறைந்து ஓடும். அப்படியும் வராதவர்கள் நாக்கு நுனியை உருட்டி ‘ர்ர்ர்’ செய்யலாம். முதலில் ஸ முதல் ப வரை. பிறகு தொடக்க ஸ்வரத்தை அரைக் கட்டை, ஒரு கட்டை என்று ஏற்றிக்கொண்டே போங்கள். படபடப்பு நின்றுபோனால் மூச்சு சீராக இல்லை. அந்த ஸ்வரத்தில் இன்னொரு தடவை செய்துவிட்டு மேலே போகலாம். இதைப் பார்க்கிறவர்கள் சிரிப்பார்கள். கதவைச் சாத்திக்கொள்ளுங்கள்.

ஸ்ட்ரா முறை விருப்பமிருந்தால்: ஒரு டம்ளரில் பாதி தண்ணீர், ஸ்ட்ராவின் நுனி 2 சென்டிமீட்டர் உள்ளே, உதட்டை நன்றாக மூடிக்கொண்டு ‘ஊ’ என்று ஒலித்தபடி குமிழி விட வேண்டும். குமிழி ஒரே சீராக வர வேண்டும். மூக்கைப் பிடித்தால் சத்தம் மாறினால் காற்று மூக்கு வழியாகக் கசிகிறது. தமிழ்நாட்டில் 2019 முதல் பிளாஸ்டிக் ஸ்ட்ராவுக்குத் தடை, காகித ஸ்ட்ரா ஊறி நமுத்துப்போகும், ஸ்டீல் ஸ்ட்ரா ஒன்று வாங்கிவைத்துக்கொள்வது நல்லது. காபி கலக்கும் மெல்லிய குழலில் ஆரம்பிக்க வேண்டாம், அதில் எதிர்ப்பு அதிகம், புதியவர்கள் மூச்சுத் திணறுவார்கள்.

இந்தப் படியின் கடைசியில் ஸ்வரங்களை விட்டுவிட்டு, வாயைக் குவித்து மெல்லிய ‘ஊ’வில் நடு ஸ்தாயியிலிருந்து வழுக்கிக்கொண்டு மேலே போய், அதே மாதிரி வழுக்கி இறங்குங்கள். நாலைந்து தடவை, ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் உயரமாக. ஓர் இடத்தில் குரல் சட்டென்று உடைந்து மெல்லிசாக மாறும். பயப்பட வேண்டாம், இன்னும் மெதுவாக அதைக் கடந்து போங்கள். மேடையில் இப்படி மெலிந்த கள்ளக் குரலில் பாடினால் ரசிகர்கள் முகம் சுளிப்பார்கள், சில வாத்தியார்கள் பயிற்சியில்கூட ஒத்துக்கொள்ள மாட்டார்கள். ஆனால் இது பாட்டு அல்ல, நாண்களை நீட்டிவிடுவது மட்டும். இந்த இடத்தில் கள்ளக் குரல் வந்தால் நான் குற்றமாகச் சொல்ல மாட்டேன்.

நான்காம் படி: அகாரம்

இப்போதுதான் வாயைத் திறக்கப் போகிறோம். ‘ம்ம்’ என்று ஷட்ஜத்தில் நின்று, அதே ஸ்வரத்தில் அப்படியே வாயைத் திறந்து ‘ஆ’ ஆக்குங்கள்: ம்ம்–ஆ. நேராக ‘ஆ’ என்று தொடங்கினால் புதியவர்களுக்கு இரண்டில் ஒன்று நடக்கும். தொண்டையில் டக்கென்று ஒரு அடி விழும், அல்லது காற்றுதான் முதலில் வந்து சத்தம் பின்னால் வரும். ‘ம்’மிலிருந்து திறந்தால் இரண்டும் நடக்காது. தாடை கீழே இறங்க வேண்டும், நாக்கு நுனி கீழ்ப்பல்லின் உள்பக்கம் தொட்டுக்கொண்டிருக்க வேண்டும். வாயை அகலமாக இழுத்துச் சிரித்த மாதிரி பாடினால் ‘ஆ’ ஏகாரத்தின் பக்கம் சாயும்.

ஷட்ஜத்தில் 8 எண்ணிக்கை கார்வை, அதாவது ஸ்வரத்தை நீட்டி நிற்பது. மூச்சு. மறுபடி 8. கமகம், அசைவு எதுவும் வேண்டாம். தம்புராவின் ஒலியில் உங்கள் குரல் கரைந்து தனியாகத் தெரியாமல் போகிற அந்தப் புள்ளிதான் சுருதி சேர்ந்த இடம். அதைக் காது ஒரு தடவை கண்டுகொண்டால் மறக்காது. பிறகு பஞ்சமம். பிறகு கீழ் நிஷாதம், தைவதம், பஞ்சமம் என்று இறங்குங்கள். விடியற்காலையில் மந்திர ஸ்தாயியில், அதாவது கீழ் ஸ்தாயியில், சாதகம் (பாட்டுப் பயிற்சி) செய்வது பழைய மரபு. நல்ல மரபும்கூட. காலையில் குரல் இயல்பாகவே தாழ்ந்திருக்கும், அப்போது கீழ் ஸ்வரங்கள் உழைப்பில்லாமல் கிடைக்கும். ஒரே எச்சரிக்கை: கீழே குரல் சின்னதாகத்தான் ஒலிக்கும். அதைப் பெரிதாக்க முகவாயை நெஞ்சில் புதைத்து அழுத்த வேண்டாம்.

மேல் ஷட்ஜம் இந்தப் படியின் கடைசி. மத்திமம், பஞ்சமம், தைவதம், நிஷாதம் என்று ஒவ்வொன்றிலும் நின்று ஏறி, மேல் ஷட்ஜத்தை மெதுவான சத்தத்தில் தொடுங்கள். குரல் தயாரா என்று அறிய எனக்குத் தெரிந்து இதைவிட நம்பகமான சோதனை இல்லை. உரக்கப் பாடினால் வீங்கிய நாண்களும் எப்படியோ அதிர்ந்து ஒத்துழைத்துவிடும். மெதுவாகப் பாடும்போதுதான் உண்மை தெரியும். உரக்க வருகிற மேல் ஷட்ஜம் மெதுவாக வராமல் காற்றாகப் போனால் அன்றைக்குக் குரல் தயாராகவில்லை. திரும்பப் போய் இரண்டு நிமிடம் ‘புர்ர்ர்’ செய்யுங்கள். அதற்கும் மசியவில்லை என்றால் அன்றைய பாட்டை நடு ஸ்தாயியோடு வைத்துக்கொள்ளுங்கள்.

ஐந்தாம் படி: சரளி வரிசை, அதற்குப் பிறகு பாட்டு

ஆரம்பப் பாடமான சரளி வரிசையை வகுத்தவர் பாடலாசிரியர் புரந்தரதாசர் என்பது மரபு. அவர் காலம் 1484 முதல் 1564 வரை. ஐந்நூறு வருஷமாக எல்லாரும் பாடுகிற முதல் வரிசை இது: ஸ ரி க ம ப த நி ஸ், ஆதி தாளம், மாயாமாளவகௌளை. அந்த ராகத்தில் ரிஷபம் ஷட்ஜத்தையும் தைவதம் பஞ்சமத்தையும் ஒட்டி நிற்கும். முன்பாதியின் இடைவெளிகளே பின்பாதியிலும் திரும்பி வரும். காதைச் சீர்ப்படுத்த அருமையான அமைப்பு.

முதல் காலத்தில் (மெதுவான வேகத்தில்) ஸ்வரமாக ஒரு தடவை, அகாரத்தில் (‘ஆ’ என்று மட்டும்) ஒரு தடவை. இரண்டாம் காலம். மூன்றாம் காலத்துக்குப் போகும்போது வேகத்தோடு சத்தமும் ஏறுவது வழக்கம். வேண்டுமென்றே சத்தத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள். வேகம் கூடக் கூடக் குரல் இலேசாக வேண்டும். ஸ்வரங்கள் இரட்டை இரட்டையாக வரும் ஜண்டை வரிசையில் இரண்டாவது ஸ்வரத்துக்கு அழுத்தம் உண்டு. அந்த அழுத்தத்தை மூச்சிலிருந்து கொடுக்கத் தெரியாத புதியவர்கள் தொண்டையில் கொடுப்பார்கள், அதனால் அதைக் குரல் நன்றாகத் திறந்த பிறகு கடைசியில் வைத்துக்கொள்வது மேல். ஸ்வரங்களைத் தாண்டித் தாண்டிப் போகும் தாட்டு வரிசை, வேகமாக உருளும் பிருகா எல்லாம் சாதகத்தின் பகுதி, அவற்றைத் தயாரிப்பில் சேர்க்க வேண்டியதில்லை.

பிறகு அன்று பாடப்போகும் முதல் பாட்டின் பல்லவியை எடுத்து, பாதி வேகத்தில் ‘ம்ம்’மில் ஒரு தடவை, அதே பல்லவியைச் சாகித்தியத்தோடு (பாட்டின் சொற்களோடு) ஒரு தடவை. இத்துடன் நிறுத்திவிட்டுப் பாட ஆரம்பிக்கலாம். முழுப் பாட்டையும் தயாரிப்பிலேயே இரண்டு தரம் பாடித் தீர்த்துவிட்டு மேடையில் களைத்துப்போகிறவர்கள் உண்டு.

கச்சேரியில் வர்ணம் என்ற உருப்படியைத்தானே முதலில் பாடுகிறார்கள், அதுவே தயாரிப்பு அல்லவா என்று கேட்பார்கள். பாடகர் அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் (1890–1967) நிலைப்படுத்திய கச்சேரிப் பாணியில் வர்ணம் முதலிடத்தில் இருக்கிறது என்பது உண்மைதான். இரண்டு காலத்திலும் ஓடி மேலும் கீழும் தொட்டுவரும் வர்ணம் குரலை நன்றாகவே திறக்கும். ஆனால் அதை அப்படிப் பாடுகிற வித்வான் திரைக்குப் பின்னால் தம்புரா சேர்த்துக்கொண்டு முனகியிருப்பார், காலையில் வீட்டில் சாதகம் செய்திருப்பார், அதற்கு முன்னால் முப்பது வருஷம் பாடியிருப்பார். ஆறாவது மாத மாணவருக்கு வர்ணம் என்பதே மலை. அதைத் தயாரிப்பாக வைத்துக்கொள்ள முடியாது.

குரல் அடம் பிடிக்கும் நாட்கள்

மார்கழி பஜனைக்குப் போகிறவர்கள் எழுந்து அரை மணியாவது கழித்துத்தான் பாட வேண்டும். வெந்நீர்க் குளியலின் ஆவியே பாதி வேலையைச் செய்துவிடும். குளித்துக்கொண்டே ‘ம்ம்’ போடலாம். பனியில் நடக்கும்போது மூக்கால் மூச்சு விடுங்கள், காற்று உள்ளே போவதற்குள் சற்றுச் சூடாகி ஈரமாகும். ஏசி அரங்கம் அதற்கு எதிர்மாறான தொல்லை. காற்று வறண்டிருக்கும், அடிக்கடி ஒரு வாய் தண்ணீர் வேண்டும்.

சளி அடைத்தால் கனைக்காதீர்கள். ஒவ்வொரு கனைப்பிலும் நாண்கள் பலமாக உரசிக்கொள்கின்றன, அந்த எரிச்சலில் இன்னும் சளி சுரக்கிறது, மறுபடி கனைக்கத் தோன்றுகிறது. ஒரு வாய் தண்ணீரை விழுங்குங்கள், அல்லது சத்தமில்லாமல் ‘ஹ்ஹ்’ என்று காற்றை மட்டும் விட்டு விழுங்குங்கள். ஜலதோஷத்துக்கான மாத்திரைகளில் பல மூக்கோடு தொண்டையையும் சேர்த்து உலர்த்தும். பாட்டு நாளில் அதைக் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். தொண்டை வலிக்கிறது என்று வலி மாத்திரை போட்டுக்கொண்டு பாடவே கூடாது. வலி தெரியாமல் பாடி நாண்களைப் புண்ணாக்கிக்கொள்வீர்கள்.

குரல் உடையும் வயதில் இருக்கும் பையன்கள் மேல் ஸ்தாயியைப் பிடித்து இழுக்க வேண்டாம். கிடைக்கிற நாலைந்து ஸ்வரத்துக்குள் பாடிக்கொண்டு கட்டையை அவ்வப்போது மாற்றிக்கொள்ளலாம், வீணையோ வயலினோ கூடக் கற்றுக்கொள்ள இது தோதான காலம். பெண்களில் சிலருக்கு மாதவிலக்குக்கு முந்தைய நாட்களில் நாண்கள் லேசாக வீங்கி மேல் ஸ்வரங்கள் கனமாகும். அந்த நாட்களில் தயாரிப்பை 5 நிமிடம் நீட்டிக்கொண்டு அரைக் கட்டை இறக்கிப் பாடினால் போதும்.

கரகரப்பு மூன்று வாரம் தாண்டியும் போகாவிட்டால் கஷாயத்தை நிறுத்திவிட்டுக் காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பாருங்கள். கேமரா வைத்துப் பார்க்கிற சோதனை சில நிமிட வேலைதான். தொண்டை கட்டியிருக்கும்போது ரகசியம் பேசுகிற மாதிரிக் கிசுகிசுப்பதும் குரலுக்கு ஓய்வு ஆகாது. பலருக்கு அதில்தான் தொண்டை அதிகம் இறுகுகிறது. பேசாமல் இருப்பதுதான் ஓய்வு.

பாடி முடித்த பிறகும் இரண்டு நிமிடம் ‘ம்ம்’மில் மேலிருந்து கீழே வழுக்கி இறங்கி, பேசுகிற சுருதிக்கு வந்து சேருங்கள். மேல் ஸ்தாயியில் ஒரு மணி நேரம் பாடிவிட்டு அந்த உயரத்திலேயே வாசலில் நின்று எல்லோரிடமும் உரக்கப் பேசுவதால்தான் பலருக்கு மறுநாள் தொண்டை கட்டுகிறது.

நேரமே கொடுக்காமல் பாடச் சொல்லும்போது

நவராத்திரியில் கொலு பார்க்கப் போன வீட்டில் மாமி ‘ஒரு பாட்டு பாடும்மா’ என்பார். பதினைந்து நிமிடம் யார் தருவார்கள்? அந்த மாலை எங்கேயாவது பாடச் சொல்வார்கள் என்று தெரியும் அல்லவா, வீட்டில் தலை வாரும்போதே ‘ம்ம்’மும் ‘புர்ர்ர்’ரும் முடித்துவிடுங்கள். வழியில் ஆட்டோவில் தெருச் சத்தத்துக்கு மேலே கத்திப் பேசாதீர்கள். பல்லவிக்கு அடுத்த பகுதியான அனுபல்லவியிலேயே மேல் ஷட்ஜம் தாண்டும் பாட்டை முதல் வீட்டில் எடுக்காமல், நடு ஸ்தாயியில் உலாவும் பாட்டு ஒன்றைக் கைவசம் வைத்திருங்கள். வழக்கமான கட்டையில் அரை குறைத்துக்கொண்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. பாடி முடித்த பிறகு சுண்டலை வாங்கிக்கொள்ளுங்கள். கடலைத் தோல் ஒன்று தொண்டையில் ஒட்டிக்கொண்டால் எந்தப் பயிற்சியும் உதவாது.